பதினான்காம் தாளின் ஓரக் குறிப்பு

1911 ஏப்ரல் 3 — 40 மார்க்
1919 ஜனவரி 2 — 215 பிராங்க்
1940 செப்டம்பர் 2 — 230 மார்க்
1945 ஜனவரி 15 — 5,400 பிராங்க்
1952 அக்டோபர் 27 — 36,000 பிராங்க்
1953 பிப்ரவரி 16 — 41,000 பிராங்க்
1953 ஜூன் 1 — 14,200 பிராங்க்

இவை ஒரே மனிதர் வாங்கிய மாதச் சம்பளங்கள். கடைசி வரி மட்டும் ஓய்வூதியம். முதல் நான்கையும் அவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகராட்சியில் ஒரே அறையில், ஒரே மேசையில் உட்கார்ந்து வாங்கினார். மேசை அங்கேயே கிடந்தது, நாடு மாறிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் தியேபோ ரிங்வால்ட். பிறப்பு இறப்புப் பதிவேட்டு எழுத்தர். 1897-இல் அவர் பிறந்தபோது அதே பதிவேட்டில் தேயோபால்ட் என்று ஜெர்மன் வழக்கில் எழுதியிருந்தார்கள். 1919-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்ததும் தியேபோ ஆனார். 1940-இல் ஜெர்மானியர் வர, மறுபடி தேயோபால்ட். 1945-இல் மறுபடி தியேபோ. இந்த மூன்று மாற்றங்களையும் அவரே தன் கையால் பதிந்தார். ஊரில் மற்றவர்களின் பெயர்களையும் மாற்றி எழுதிக்கொண்டிருந்த வேலைநேரத்தில், அகர வரிசையில் தன் முறை வந்தபோது, தனக்கும் எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் நகராட்சிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள். மொழி மாறும், முத்திரை மாறும். இனி இந்த ஊர் என்றென்றைக்கும் எங்களுடையது என்ற வாக்கியம் மட்டும் தவறாமல் வரும். ரிங்வால்ட் அவற்றில் ஒவ்வொரு படி எடுத்து ஓர் உறையில் போட்டு வைத்திருந்தார். அவருக்கும் மனைவி ஃபிலோமேனுக்கும் பிள்ளை இல்லை. ஊர்ப் பையன்களையெல்லாம் ஜெர்மன் சீருடை மாட்டி ருஷ்யப் போர்முனைக்கு ஏற்றிக்கொண்டு போன 1942-ஆம் வருடத்தில்தான் ஃபிலோமேன் அதற்கு நன்றி சொல்லி முதல்முறை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆகவே அவர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். செத்துப்போனவரின் தம்பியே வந்து அழுதாலும் மருத்துவர் சான்றைக் கண்ணால் பார்க்காமல் செத்தார் என்று எழுதமாட்டார். மூலத்தைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை. நாற்பத்தொரு வருட வேலையில் அவருக்கு இருந்த ஒரே மதம் அதுதான் என்று சக எழுத்தர்கள் கேலி செய்வார்கள்.

1944 செப்டம்பரில் விமானக் குண்டு விழுந்து அவர்கள் வீடு போயிற்று. 1946-இல் நகராட்சி ரைன் பாலத்துக்கு அக்கரையில், கேல் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு வீட்டை ஒதுக்கியது. கேல் மக்களைப் போர் முடியும் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். காலி வீடுகளில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீடிழந்தவர்கள் குடியேறினார்கள். யாருடையதோ அலமாரி, யாருடையதோ கட்டில். ரிங்வால்ட் போன அன்றே எல்லாவற்றுக்கும் பட்டியல் எடுத்தார். முள்கரண்டி பன்னிரண்டு. சூப்புக் கரண்டி பதினொன்று.

பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. கேல் ஊரைத் தெருத் தெருவாகப் பிரித்து, பகுதி பகுதியாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பார்கள். ரிங்வால்ட் இருந்த தெரு கடைசிப் பகுதியில் வந்தது. நாள் 1953 ஏப்ரல் 8. அதற்குள் இக்கரையில் ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். நகராட்சி புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு ஒரு வரிசை இருந்தது. அதில் ஓய்வூதியக்காரர்கள் அடியில், நிரந்தர வேலைச் சான்று உள்ளவர்கள் மேலே. ரிங்வால்ட் 1952-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஆறு நாடுகளின் பிரதிநிதிகள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடி, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அரசியல் கூட்டமைப்பு என்று ஆரம்பித்து, அதற்கு ஓர் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். வரைவு ஒவ்வொரு மொழியிலும் ஒரே பொருளில் நிற்க வேண்டும். பிரெஞ்சையும் ஜெர்மனையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஒரு தனியார் அலுவலகம் எடுத்திருந்தது. அதன் தலைவர் தொனார், லீயேஜிலிருந்து வந்த பெல்ஜியக்காரர், பருத்த உடம்பு, எப்போதும் அவசரம். ரிங்வால்டுக்கு இரண்டு மொழியும் பாராயணம் என்று கேள்விப்பட்டு அழைத்துக்கொண்டார். பிப்ரவரி நடு வரை சோதனைக் காலம். அதுவரை அவர் பேரில் ஒரு பிழையும் ஏறாவிட்டால் நிரந்தரச் சான்று. இந்தச் சட்டம் மட்டும் நடப்புக்கு வந்தால் பத்து வருடத்துக்கு வேலை இருக்கும் என்றார் தொனார். பத்து வருடத்தை ரிங்வால்ட் நம்பவில்லை. சான்று போதும், வீடு வந்துவிடும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஒரு மொழியில் காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அடுத்த மொழித் தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். வாக்கியம் சரியாக இருந்தால் மேசையில் ஒரு தட்டு. சரியில்லையென்றால் இரண்டு தட்டு. படிப்பவர் நிறுத்த வேண்டும். யார் கண்ணில் பிழை படுகிறதோ அவர் ஓரத்தில் திருத்தம் எழுதுவார். தட்டச்சுப் பெண் அதைப் பார்த்துச் சுத்தமாக அடிப்பாள். ரிங்வால்ட் மட்டும் தன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தேதி போடுவார். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பதிவேட்டுப் பழக்கம்.

எதிரே உட்கார்ந்தவள் எல்ஸ்பெத் ஹெட்செல். நாற்பத்துநான்கு வயது, போர் விதவை. கேல் ஊரில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருந்தவள். 1944-இல் வெளியேற்றப்பட்டு, ஆஃபன்பூர்கில் தங்கை வீட்டில் ஒண்டியிருந்தாள். தினமும் ரயிலில் வந்து, அனுமதிச் சீட்டைக் காட்டிப் பாலத்தைக் கடப்பாள். அவர் அவளைப் பிரெஞ்சு முறையில் மதாம் என்றார். அவள் அவரை ஜெர்மன் முறையில் ஹேர் ரிங்வால்ட் என்றாள். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் வாரமே அவள் கேட்டாள்.

"நீங்க கேல்ல எந்தத் தெரு, ஹேர் ரிங்வால்ட்?"

"எதுக்குக் கேக்கறீங்க, மதாம்?"

"சும்மாதான். எங்க ஊரு பாருங்க."

அவர் தெருப் பெயரைச் சொன்னார், எண்ணைச் சொல்லவில்லை. அவள் கைப்பையிலிருந்து சாம்பல் நிறக் குறிப்பேடு ஒன்றை எடுத்தாள், ஒரு பக்கத்தைப் பார்த்தாள், ஏதோ குறித்துக்கொண்டு மூடினாள். அன்றிலிருந்து அந்தக் குறிப்பேடு அவர் கண்ணை உறுத்தியது. அவர் தயங்கும் இடங்களை எழுதுகிறாளா? வீட்டை அளக்கிறாளா? அடுத்த வாரம், உங்கள் தெரு எத்தனையாவது பகுதி என்றும் கேட்டாள்.

வீட்டில் சொன்னபோது ஃபிலோமேன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"இது அவ வீடாவே இருந்துட்டா?"

"பட்டியல் இருக்கு. சூப்புக் கரண்டி வந்தப்பவே பதினொண்ணுதான்."

"ஆமா, அவ கரண்டியைத்தான் கேக்கப் போறா."

ஜனவரி 14, புதன்கிழமை. வரைவின் முதல் பிரிவு, பதினான்காம் தாள். எல்ஸ்பெத் ஜெர்மனைப் படித்தாள். ரிங்வால்ட் பிரெஞ்சில் பென்சிலை ஓட்டினார். இந்தக் கூட்டமைப்பு நிலையானது என்று அவள் படித்தாள். அவர் இரண்டு தட்டுத் தட்டினார். பிரெஞ்சுத் தாளில் நிலையானது என்று இல்லை. கலைக்க முடியாதது என்று இருந்தது.

அவர் அந்தச் சொல்லையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது. பிறகு எழுந்து, அவள் முன்னால் இருந்த ஜெர்மன் தாளை இழுத்து, ஓரத்தில் விறுவிறுவென்று எழுதினார்.

"மூணு சர்க்கார் இதே சொல்லைச் சுவத்துல ஒட்டிப் பாத்திருக்கேன், மதாம். ஒட்டின பசை காயறதுக்குள்ள போனதும் உண்டு."

"அப்ப ஏன் திருத்தறீங்க? நிலையானதுன்னே விட்டுடலாமே. கொஞ்சம் அடக்கமா இருக்கு."

"நம்பறது என் வேலை இல்ல. பிரெஞ்சுல என்ன இருக்கோ அது ஜெர்மன்ல இருக்கணும்."

அவள் தாளைத் திருப்பி வாங்கி, அவர் எழுதியதை வழக்கத்துக்கு அதிகமாக நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த வரியைப் படித்தாள். விட்டுடலாமே என்று அவள் சொன்னதை மட்டும் ரிங்வால்ட் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார். ஜெர்மானியருக்கு வெளியே போக ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று அன்று மாலை பாலத்தைக் கடக்கும்போது நினைத்தார்.

எட்டு நாள் கழித்து, ஜனவரி 22 அன்று, அடித்த படி வரைவுக் குழுவிடமிருந்து திரும்பி வந்தது. ஜெர்மனில் ஒரு சொல்லின் நடுவில் இருக்கும் சின்ன அசை விழுந்துவிட்டால், கலைக்க முடியாதது என்பது கரைக்க முடியாதது என்றாகிவிடும். மணலுக்கும் மருந்துப் பொடிக்கும் சொல்கிற சொல். அப்படித்தான் அடித்திருந்தது. அதன் பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் 'வெந்நீரிலுமா?' என்று கேட்டிருந்தார்கள்.

தொனார் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தட்டச்சுப் பெண்ணை ஏற்கெனவே விசாரித்துவிட்டார். லக்சம்பர்க்கைச் சேர்ந்த அந்த இளம்பெண், ஓரத்துத் திருத்தம் பழைய ஜெர்மன் எழுத்தில் இருந்தது, தெரிந்தவரை படித்து அடித்தேன் என்றிருக்கிறாள். முள்வேலி மாதிரி கூர் கூராக இருக்கும் அந்த எழுத்தைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. தொனாருக்கும் படிக்கத் தெரியாது.

"மொசியே ரிங்வால்ட், அந்தச் சொல்லை நீங்க திருத்தினீங்களா?"

திருத்தினேன் என்றார். ஆனால் நான் எப்போதும் எழுதும் பிரெஞ்சு எழுத்தில்தான் திருத்தினேன், பழைய ஜெர்மன் எழுத்தில் இருக்கிறதென்றால் அது என் கை இல்லை என்றார். சொல்லும்போதே அவர் மனதில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. விட்டுடலாமே என்றவள் அவள். கரைக்க முடியாதது என்பது மருந்துக்கடைச் சொல், அவள் மருந்துக்கடைக்காரி. அவர் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறாள். அவள் ஒருநாளும் பழைய எழுத்தில் எழுதி அவர் பார்த்ததில்லை; தினமும் மருந்துப் புட்டிச் சீட்டு மாதிரி தெளிவாக எழுதுகிறவள். அதுவும்கூட அவளுக்கு எதிரான சாட்சியாகவே தோன்றியது. இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறாள்.

தொனார் அவள் பக்கம் திரும்பினார். அது என்னுடையது இல்லை என்று மட்டும் எல்ஸ்பெத் சொன்னாள். சொல்லிவிட்டு ரிங்வால்டைப் பார்த்தாள்.

"தாள் அலமாரில இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?" என்றார் தொனார்.

"அவசியமில்ல" என்றார் ரிங்வால்ட்.

அந்தத் திருத்தம் என்னுடையதன்று என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டார். மூலத்தைப் பார்க்காமல் அவர் போட்ட கையெழுத்து வாழ்க்கையில் அது ஒன்றுதான். எல்ஸ்பெத் அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுடைய பாலம் கடக்கும் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அவள் நாற்காலியில் மெட்ஸிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 16 அன்று நிரந்தரச் சான்று வந்தது. மார்ச் 10-ஆம் தேதிக்குள் வரைவு முறைப்படி ஒப்படைக்கப்பட்டு, தலைவர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அதில் அந்தச் சொல் சரியாகவே இருந்தது. மார்ச் 20 அன்று ரிங்வால்ட் புது வீட்டுச் சாவியை வாங்கினார். மூன்றாம் மாடி, இரண்டு அறை, சமையலறையில் குழாய்.

மார்ச் 26, வியாழக்கிழமை, பழைய தாள்களைக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பும் வேலையைத் தொனார் அவரிடம் கொடுத்தார். பதினான்காம் தாள் கையில் வந்தபோது அவர் அதைத் தனியே எடுத்து ஜன்னலோரம் கொண்டு போனார். அழித்த தடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தடமே இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு சொல், பழைய ஜெர்மன் எழுத்தில், முழுமையாக, சரியாக எழுதியிருந்தது. இடம் போதாமல் நடு அசை மட்டும் நெருக்கி, தாளின் மடிப்புக்குள் போயிருந்தது; தெரியாத கண்ணுக்கு அது பென்சில் நழுவிய கிறுக்கல். பக்கத்தில் '14.I' என்று தேதி.

அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு மேல் இருந்த வளைவு, 1905-இல் கணுவில் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளி ஆசிரியரின் வளைவு. ரிங்வால்டின் கை முப்பது வருடத்துக்கும் மேலாக மறந்திருந்த எழுத்து. அந்தச் சொல்லைப் பார்த்ததும் பொங்கிய கோபத்தில் கை தன்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது.

அவர் தாளைக் கட்டில் சேர்க்கவில்லை. மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். முதலில் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, புதுச் சந்தேகம். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாளே. யார் எழுதியது என்று தெரியும். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை? எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள்? என்றைக்குக் கேட்பாள், என்ன கேட்பாள்? தொனார் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தார். தட்டச்சுப் பெண் காலை வணக்கம் சொன்னால், அதில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று யோசித்தார்.

ஏப்ரல் 8 காலை கேல் வீட்டின் சொந்தக்காரர் வந்தார். நிலக்கரி வியாபாரி, கிழவர். எல்ஸ்பெத்துக்கு உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை. ரிங்வால்ட் பட்டியலை நீட்டி, சூப்புக் கரண்டி பதினொன்றுதான் இருந்தது என்று விறைப்பாகச் சொன்னார். கிழவர் தன் கோட்டுப் பையைத் தட்டினார்.

"பன்னெண்டாவது என்கிட்டதான் இருக்கு. துரத்தறப்ப வாயில சூப்போட எந்திரிச்சு ஓடினேன்."

கடைசித் தள்ளுவண்டியோடு ரிங்வால்ட் பாலத்துக்கு வந்தபோது, பாலம் முழுக்க மக்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சீட்டுக் கெடுபிடி இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தட்டுமுட்டுச் சாமான் தூக்கி வந்தவர்கள். கம்பியோரம் எல்ஸ்பெத் நின்றாள். ஒதுங்கிப் போக வழியில்லை.

"வீடு கிடைச்சுதா, ஹேர் ரிங்வால்ட்?"

"கிடைச்சுது."

"மாடியா?"

"மூணாவது."

"வெளிச்சம் நல்லா வரும்."

அவர் அடுத்த வாக்கியத்துக்காக நின்றார். அவள் தலையசைத்துவிட்டு நடந்துவிட்டாள். அக்கரை சேரும்வரை அவர் முதுகு அந்த வாக்கியத்தை எதிர்பார்த்துக்கொண்டே வந்தது. மிரட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மிரட்டுகிறவர்களை அவருக்குத் தெரியும்.

புது வீட்டில் ஃபிலோமேன் குழாயைத் தினம் இரண்டு முறை துடைத்தாள். மே மாதம் இரண்டாம் ஞாயிறு, முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும் வைத்து மேசையில் உட்கார்ந்தபோது ரிங்வால்ட் கோட்டிலிருந்து தாளை எடுத்து அவள் முன் விரித்தார். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார். இறைச்சி ஆறிப்போயிற்று.

"இப்ப சொன்னா வீடு போயிரும்" என்றாள் அவள்.

"போயிரும்."

"சொல்லலைன்னா?"

"பதிவு தப்பா இருக்கும்."

"யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேன்."

ஃபிலோமேன் எழுந்து அடுப்பருகே போய் நின்றாள். கேல் ஊரில் ஏழு வருடம் அடுத்தவள் அடுப்பில் சமைத்ததையும், ஒவ்வொரு சட்டியையும் கழுவி வைக்கும்போது அந்த முகம் தெரியாத பெண்ணுக்குக் கணக்குச் சொன்னதையும் அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதறதுன்னா எழுதுங்க. பதினெட்டாம் தேதி கழிச்சுக் கொடுங்க. அன்னைக்கு அக்கா சாப்பிட வர்றா. அவ இந்த வீட்டை ஒரு தடவை பாத்துடட்டும்."

மே 20, புதன்கிழமை, அந்தத் திருத்தம் தன் கைதான் என்று எழுதித் தொனாரிடம் கொடுத்தார். தொனார் படித்துவிட்டுத் தாளைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். யாரும் கேட்கவில்லையே, அந்தம்மாளுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும், இதை நான் வாங்கினால் உங்கள் சான்றை ரத்து செய்ய வேண்டிவரும், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ரிங்வால்ட் நகரவில்லை. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டார். எல்ஸ்பெத் ஹெட்செல் பேரில் பிழை இல்லை என்று தனியாக ஒரு கடிதமும் கேட்டார். தொனார் இரண்டையும் கோபத்தோடு போட்டுக் கொடுத்தார்.

ஜூன் முதல் தேதி அவர் மறுபடி வெறும் ஓய்வூதியக்காரர். நகராட்சி சாவியைத் திருப்பி வாங்கியது. ஃபிலோமேனின் அக்கா ஷில்டிகைம் என்ற புறநகரில் பீர் ஆலைக்குப் பின்னால் இருந்தாள். அவள் வீட்டு உச்சியில் சாய்ந்த கூரைக்கடியில் இரண்டு அறைகளில் குடியேறினார்கள். தண்ணீரைக் கீழேயிருந்து தூக்க வேண்டும். அந்த மூன்றாம் மாடி வீட்டை நான் பார்த்தேன், எவ்வளவு வெளிச்சம் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தொனாரின் கடிதத்தை இணைத்து ரிங்வால்ட் எல்ஸ்பெத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். பெற்றுக்கொண்டேன் என்று அவள் கையெழுத்திட்ட சீட்டு மட்டும் திரும்பி வந்தது. நவம்பரில் இரண்டாவது கடிதம். மறுபடி சீட்டு. 1954 மார்ச்சில் மூன்றாவது. மறுபடி சீட்டு. மூன்றையும் மேசையில் பரப்பிக் கையெழுத்துகளை ஒப்பிட்டார். ஒரே கைதான், தெளிவான மருந்துச் சீட்டு எழுத்து. படித்திருக்கிறாள், பதில் எழுதவில்லை. வக்கீலைப் பார்க்கிறாளோ என்று ஃபிலோமேனிடம் கேட்டார். உங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதற்கு வக்கீல் எதற்கு என்றாள் அவள்.

1954 ஆகஸ்ட் 30, திங்கட்கிழமை. ஆறு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு படை அமைக்கும் ஒப்பந்தத்தைப் பாரிஸில் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. அரசியல் சட்ட வரைவு அந்த ஒப்பந்தத்தின் தோளில் சாய்ந்துதான் நின்றது, அதுவும் விழுந்தது. மறுநாள் ரிங்வால்ட் செய்தித்தாளைக் கத்தரித்து, மூன்று அறிவிப்புகளும் இருந்த பழைய உறைக்குள் போட்டார். தொனாரின் அலுவலகத்தை மூடப் போகிறார்கள் என்று பீர் ஆலைக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

பிறகு கேல் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டிய ஓரத்தை விரலால் தடவினார். பிரித்துப் படியுங்கள் என்று ஃபிலோமேன் அதட்டினாள்.

"ஹேர் ரிங்வால்ட்,

உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் இரண்டையும் நான் நம்பவில்லை. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள என்னிடமிருந்து ஏதோ கையெழுத்து எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். மூன்றாவதில்தான் ஷில்டிகைம் என்ற விலாசத்தைக் கவனித்தேன். போன வாரம் அங்கிருந்து எங்கள் மருந்துக்கடைக்கு வந்தவரிடம் விசாரித்தேன். கூரைக்கடி அறை என்றார். அதன்பின் மூன்றையும் மறுபடி படித்தேன்.

நீங்கள் எழுதியதை எதிரில் இருந்து பார்த்தேன். என் அப்பா போனபிறகு அந்த எழுத்தில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதன் அழகைப் பார்த்ததில் நடு அசை மடிப்பில் போனதை நானும் கவனிக்கவில்லை. அதில் பாதிப் பிழை என்னுடையது. தொனார் அறையில் நான் சொல்லியிருக்கலாம். அக்கரைக்காரி சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டேன். நீங்கள் தாளைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். யார் எது சொன்னாலும் மூலத்தைக் காட்டு என்கிறவர் ஆயிற்றே. நீங்கள் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருந்தது.

என் சாம்பல் நிறக் குறிப்பேட்டை நீங்கள் ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரியும். அதில் தெருக்களின் வரிசை இருந்தது. எங்கள் வீடு முப்பத்தொன்பதாவது பகுதி. வந்து பார்த்தபோது கூரை இல்லை. போன மாதம்தான் போட்டோம்.

செய்தித்தாளைப் பார்த்தேன். நீங்கள் எழுதிய சொல்படி அதைக் கலைக்க முடியாது. அந்தப் பெண் அடித்தபடி கரைக்க முடியாது. ஆக, இரண்டுமே பிழை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும். வருவதானால் உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள்.

எல்ஸ்பெத் ஹெட்செல்"

கடிதம் முழுவதும் அவளுடைய தெளிவான எழுத்து. அடியில் மட்டும், கையெழுத்துக்குக் கீழே, அந்த ஒரு சொல்லைப் பழைய ஜெர்மன் எழுத்தில் எழுதியிருந்தாள். நடு அசைக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தாள். ரிங்வால்ட் அதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு பதினான்காம் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன எடுத்துட்டுப் போறது?" என்றாள் ஃபிலோமேன்.

அவர் பென்சிலைச் சீவி, கடிதத்தின் மேல் மூலையில், பதிவேட்டு வழக்கப்படி, சின்னதாக எழுதினார்.

வந்தது: 2.IX.1954, வியாழன்.